நாலு மணிப் பிட்டும் ஐந்து நிமிட ஷேக்கும்

காலைச் சாப்பாட்டுக்குப் புரோட்டீன் ஷேக் குடிக்கிறவர்களைப் பற்றி எங்கட ஊர்களில் இரண்டு கதைதான் கேட்கலாம். ஒன்று குசினிக்குள் இருந்து வரும்: "உது என்ன சாப்பாடு? பிட்டும் சம்பலும் திண்டு வளர்ந்த உடம்புக்கு உந்தத் தண்ணி காணுமோ?" மற்றது ஜிம் வாசலில் கேட்கும்: "தம்பி, காலமையில கார்ப்பை வெட்டு. ரெண்டு ஸ்கூப் அடி. மூண்டு மாசத்தில ஆளே மாறிடுவாய்." இந்த இரண்டு கதையிலும் நாங்கள் இல்லை. காலையில் மாச்சத்துக் குறைந்த, புரதம் கூடிய ஒரு ஷேக் நல்ல விஷயம் என்பதுதான் எங்கள் கட்சி. ஆனால் அதற்குக் காரணம் கைத்தசை இல்லை. அதற்கான சாமான் டப்பாவில் வருகிற பவுடரும் இல்லை.

இப்ப காலையில் என்ன சாப்பிடுகிறோம் என்று முதலில் பார்ப்போம். ஒரு றாத்தல் பாண் 450 கிராம். அதில் கால்வாசியைச் சம்பலோடு சாப்பிட்டால் மாச்சத்து 55 கிராம் அளவில் உள்ளே போகும், புரதம் ஒன்பது அல்லது பத்துக் கிராம். கூடவே இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி. இடியப்பமும் பிட்டும் பெரிதாக வித்தியாசம் இல்லை. அரிசி மாவில் நூறு கிராமுக்கு ஆறேழு கிராம் புரதம்தான் இருக்கிறது, சொதி விட்டால் அது கூடப்போவதில்லை. விடியக்காலை ரொட்டியும் தேத்தண்ணியும் முடித்துவிட்டு மலைக்குப் போகிற தோட்டத்து ஆட்களுக்கும் இதே கணக்குத்தான். வயிறு நிரம்பும். பத்து மணிக்குத் திரும்பக் காயும். பிறகு கன்ரீனில் ஒரு ரோல்ஸ், ஒரு பிளேன்ரீ.

வளர்ந்த ஒருவருக்கு உடல் நிறையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதமாவது ஒரு நாளைக்கு வேணும் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 48 கிராம். மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 16. உடலை வருத்தி வேலை செய்கிறவர்களுக்கும், பாரம் தூக்கிப் பயிற்சி செய்கிறவர்களுக்கும் இதைவிடக் கூட வேணும். மத்தியானம் சோற்றோடு மீனோ பருப்போ ஏதோ ஒன்று வந்துவிடும். காலையில்தான் துண்டு விழுகிறது. அந்த 16 என்கிற எண்ணை ஞாபகத்தில் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

மாச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுவது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. லண்டனில் மரணச்சடங்கு ஒழுங்குசெய்து கொடுக்கிற தொழில் செய்த வில்லியம் பான்டிங், தான் மெலிந்த கதையை 1863 இல் ஒரு சிறு நூலாகப் போட்டார். பாணையும் சீனியையும் விட்டேன், மெலிந்தேன் என்பதுதான் அதன் சாரம். அமெரிக்க இதயநோய் மருத்துவர் ரொபர்ட் அட்கின்ஸ் 1972 இல் எழுதிய புத்தகத்தோடு அது பெரிய வியாபாரமானது. இப்ப கீட்டோ என்ற பெயரில் யூடியூப்பில் ஓடுகிறது. அந்த ஆட்கள் சொல்வதுபோல நாள் முழுக்க மாச்சத்தை விட எங்களால் ஏலாது, விடவேண்டிய தேவையும் இல்லை. மத்தியானம் சோறு சாப்பிடத்தானே போகிறோம். நாங்கள் சொல்வது காலை ஒருவேளையை மட்டும்: அதில் மாச்சத்து 15 கிராமுக்கு உள்ளே, புரதம் 16 கிராமுக்கு மேலே.

இந்த இடத்தில் "எங்கட பாட்டன் பூட்டன் சாப்பிட்டதெல்லாம் லோ-கார்ப் தானே, குரக்கனைச் சாப்பிடுங்கோ" என்று ஒருவர் கட்டாயம் வருவார். குரக்கன் நல்ல தானியம். கல்சியம் இருக்கிறது, நார் இருக்கிறது, அரிசியைவிட மெதுவாகச் செமிக்கும். ஆனால் நூறு கிராம் குரக்கனில் 70 கிராமுக்கு மேல் மாச்சத்துத்தான். ஒடியலும் அப்படித்தான், மரவள்ளியும் அப்படித்தான். பாரம்பரியத்தின் மேல் உள்ள பாசத்தில் கணக்கை மாற்றக்கூடாது.

சரி, டப்பாவுக்கு வருவோம்.

வே புரோட்டீன் என்பது சீஸ் செய்யும்போது திரைந்த பாலில் இருந்து வடிகிற தண்ணீரைக் காயவைத்து எடுப்பது. ஒரு காலத்தில் சீஸ் தொழிற்சாலைகள் கழிவென்று ஊற்றிய சாமான். அது கெட்ட பொருள் இல்லை. 30 கிராம் ஸ்கூப்பில் இருபதுக்கு மேல் புரதம், மாச்சத்து இரண்டு மூன்று கிராம். நல்லாகச் செமிக்கும். பிரச்சினை விலை. விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாய்க் கணக்கு எழுதாமல், நீங்களே பார்க்கக்கூடிய ஒரு வழி சொல்கிறோம். ஜிம்காரர் "அஞ்சு றாத்தல் டப்பா" என்று சொல்கிற 2.27 கிலோ டப்பாவில் மொத்தமாக 1700 கிராம் அளவில் புரதம் இருக்கும். ஒரு முட்டையில் ஆறு கிராம். அப்படியென்றால் அந்த டப்பா ஏறக்குறைய 280 முட்டை. சந்திக் கடையில் 280 முட்டையின் விலையைக் கேளுங்கோ. பிறகு டப்பாவின் விலையைக் கேளுங்கோ. மிச்சத்தை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

அதைவிட மோசம் மாஸ் கெயினர். பெயரில் புரோட்டீன் இருக்கும், டப்பாவில் மலைபோலத் தோள் வைத்த ஒருவன் நிற்பான். பின்பக்கம் திருப்பி லேபலை வாசித்தால் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவில் இருந்து எடுத்த, சீனியைப்போல வேகமாக இரத்தத்தில் ஏறுகிற மாச்சத்து. புரதம் மாச்சத்தின் கால்வாசிகூட இல்லாத டப்பாக்கள் உண்டு. அதைவிடப் பாணுக்குச் சீனி தொட்டுச் சாப்பிடலாம். இன்னொரு கூத்து, பெரிய டப்பாவைப் பிரித்துச் சிப் பையில் அரைக் கிலோ, கால் கிலோ என்று விற்பது. எங்களுக்குத் தெரிந்த ஒரு ஜிம்மில் அப்படித்தான் நடக்கிறது. லேபல் இல்லை, திகதி இல்லை, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கேட்க ஆளும் இல்லை. வாங்காதேங்கோ.

மோல்ட் கலந்த பானங்களையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு "சக்தி" என்று வீட்டில் கரைத்துத் தருவது முக்கியமாகத் தானியமும் சீனியும். போத்தலில் வருகிற பால் வகைகளுக்கு ஒரு வசதி உண்டு. 2016 இல் இருந்து இலங்கையில் குடிபானங்களில் சீனிக்கு நிற அடையாளம் போடவேணும். நூறு மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, இரண்டுக்குக் கீழே என்றால் பச்சை. அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்துவிட்டு எடுங்கோ.

சத்துமாவைக் கரைத்துக் குடிக்கிற யோசனை ஜிம்மில் இருந்து வந்ததும் இல்லை. எழுபதுகளில் இருந்து அரசாங்கமே திரிபோஷா தருகிறது: சோளம், சோயா, பால்மா. கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் என்று கிளினிக்கில் கொடுப்பது. சோளம் கூட என்பதால் அது லோ-கார்ப் இல்லை. ஆனால் அதற்கு வீட்டில் என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். தாய்க்கென்று வந்த பைக்கற் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்ந்து உருண்டையாகும். தட்டு ஒரு சுற்றுப் போகும். தாயிடம் திரும்பி வரும்போது ஓர் உருண்டை இருக்கும், சிலவேளை அதுவும் இருக்காது.

எங்களுக்கு இதில் உண்மையான கேள்வி அதுதான். வீட்டில் புரதம் யாருக்குப் போகிறது? யாழ்ப்பாணத்தில் பிள்ளை சாமத்தியப்பட்டால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுப்பார்கள். அந்தக் கொஞ்ச நாளைக்கு வீட்டில் இருக்கிற நல்லது எல்லாம் அவளுக்கு. களி முடிந்ததும் அந்தக் கவனிப்பும் முடிந்துவிடும். பிறகு எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சினதை அம்மாவோடு இருந்து சாப்பிடுகிற பழைய ஒழுங்குதான். முட்டைக் கோப்பியும் அப்படித்தான். வருத்தம் வந்து எழும்பினவருக்கு, இல்லாட்டி உழைக்கிற ஆம்பிளைக்கு. இப்ப அந்த இடத்துக்கு டப்பா வந்திருக்கிறது. தம்பியின் டப்பா அலுமாரிக்கு மேலே தனியாக நிற்கும், அதில் மற்ற ஒருவரும் கை வைப்பதில்லை. அதே வீட்டில் அக்கா வெறும் தேத்தண்ணியோடு காமென்ற்ஸ் பஸ்ஸுக்கு ஓடுவாள். அவளுக்கு இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் குளிசை கொடுத்திருப்பார்கள். ஒரே குசினிதான்.

தம்பி முட்டை சாப்பிடும்போதும் மஞ்சட்கருவைத் தள்ளிவைப்பதுண்டு. வெள்ளையில்தான் புரதம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். முட்டைப் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மஞ்சட்கருவில் இருக்கிறது. பச்சையாக உடைத்துக் குடிப்பதிலும் கெட்டித்தனம் இல்லை. அவித்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் அளவுக்கு உடம்பில் சேரும், பச்சை முட்டையில் பாதிதான் சேரும். சல்மொனெல்லாக் கிருமியின் ஆபத்து வேறு.

இனி நேரம். பிட்டு எப்படி வருகிறது என்று தெரிந்தவர்களுக்கு ஷேக்கின் அருமை தெரியும். மா வறுக்கவேணும், தண்ணி கொதிக்கவைக்கவேணும், குழைக்கவேணும், கொத்தவேணும், தேங்காய் துருவவேணும், அவிக்கவேணும். இடையில் சம்பல் இடிக்கவேணும், சொதி வைக்கவேணும், தேத்தண்ணி ஊற்றவேணும். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கிற பிள்ளை உள்ள வீட்டில் அம்மா நாலு மணிக்கு எழும்புகிறா. அந்தப் பிள்ளை ஆறு நிமிடத்தில் தின்றுவிட்டுப் போகிறது. "வசதியான காலைச் சாப்பாடு" என்ற பேச்சு வரும்போது நாங்கள் ஒன்றைக் கேட்கிறோம்: பிட்டும் எங்களுக்கு எப்பவோ வசதியான சாப்பாடுதானே? கோப்பையில் ஆயத்தமாக இருந்ததே! அது யாருக்கு வசதியில்லாமல் இருந்தது என்பதைத்தான் நாங்கள் பார்க்கவில்லை.

ஆகவே ஷேக்கின் பெரிய குணம், பிட்டு அவிக்கத் தெரியாத பொடியனும் அதைச் செய்யலாம் என்பது. கொழும்பில் குசினி இல்லாத போர்டிங் அறையில் இருக்கிறவளும் செய்யலாம், கேஸ் அடுப்பு வேண்டாம். "அப்ப பிட்டு அழிஞ்சு போகட்டும் எண்டுறியளோ?" என்று கேட்டால், இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாகச் சேர்ந்து குழைப்போம். அழிவதென்றால் நாலு மணி எலாம் அழியட்டும். ஆனால் "அம்மா, எனக்கு ஷேக் அடிச்சு வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் படுக்கிறதாக இருந்தால் இவ்வளவு கதையும் வீண்.

செய்முறை. எங்களுக்குப் பிடித்தது கச்சான். (இந்தியக் காணொளிகளில் "நிலக்கடலை" என்பார்கள். இங்கே கடலை என்றால் கொண்டைக்கடலை, அதில் மாச்சத்துக் கூட. மாறிப் போட்டுவிடாதேங்கோ.) விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் விளைகிற கச்சான் சந்தையில் கிடைக்கும், கோயில் திருவிழா வந்தால் தெருமுழுக்கக் கிடைக்கும். வறுத்து உப்புப் போடாதது ஒரு பிடி, 40 கிராம். இரவே தண்ணியில் ஊறப்போட்டுவிடுங்கோ, ஊறினால் மெதுவாக அரைபடும். காலையில் தண்ணியை வடித்து, 150 கிராம் சட்டித் தயிரோடு, பாணி கலக்காமல், ஒரு கிளாஸ் தண்ணி விட்டு அரைக்கவேணும். கறுவாத் தூள் ஒரு சிட்டிகை. கச்சானில் பத்துக் கிராம், தயிரில் ஆறேழு கிராம். அந்த 16 வந்துவிட்டது. மாச்சத்துப் பதின்மூன்று அளவில் நிற்கும். கொழுப்பு இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அதனால்தான் மத்தியானம் வரை பசிக்காது. மெலிகிறதுக்கென்று நினைத்து இரண்டு கிளாஸ் குடித்தால் மெலியமாட்டீர்கள். கறுத்த, கசக்கிற, பூஞ்சணம் பிடித்த கச்சானைப் பார்த்து எறியுங்கோ. அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலுக்குக் கூடாது, வறுத்தாலும் முழுக்கப் போகாது.

வாழைப்பழம் போடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரு நடுத்தரப் பழத்தில் 25 கிராமுக்கு மேல் மாச்சத்து. போட்டால் ருசி, ஆனால் பேச்சு மாறிவிடும். ஷேக் என்றால் இனிக்கவேணும் என்று யார் சொன்னது? எங்களில் பாதிப்பேர் இதே தயிரையும் கச்சானையும் மோர் மாதிரித்தான் குடிக்கிறோம். உப்பு, ஒரு துண்டு இஞ்சி, கறிவேப்பிலை போட்டு அரைத்து, சின்னவெங்காயமும் பச்சைமிளகாயும் குறுணியாக வெட்டி மேலே போட்டு. வெயிலுக்கு அது தனி ருசி.

கையில் காசு இறுக்கமான கிழமைகளுக்குச் சோயா அவரை. 40 கிராம் காய்ந்த அவரையில் புரதம் 14 கிராம். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டு, விரலால் நசிக்க நசியும் வரை அவிக்கவேணும். பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ அரைக்கக்கூடாது, புரதம் செமிக்காமல் தடுக்கிற ஒரு பொருள் அதில் உண்டு, வேகினால்தான் போகும். மூன்று நாளைக்குத் தேவையானதை ஒரேயடியாக அவித்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். காலையில் இரண்டு கரண்டி தேங்காய்ப்பால், ஒரு கரண்டி கச்சான், உப்பு, மிளகு. பச்சைச் சோயா மணம் பிடிக்காதவர்களுக்கு இஞ்சி உதவும்.

பிளெண்டர் இல்லாத இடங்களும் உண்டு, இருந்தும் ஓடாத நாட்களும் உண்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதை மறந்திருக்கமாட்டீர்கள். வறுத்த கச்சானை உரலில் இடித்துப் போத்தலில் வைத்திருந்தால், மூடி இறுக்கமான ஒரு தண்ணிப் போத்தலில் தயிர், தண்ணி, இரண்டு கரண்டி இடித்த கச்சான் போட்டுக் குலுக்கினால் போதும். ஷேக் என்ற பெயருக்கே அதுதான் பொருத்தம். நார்ச்சத்துக்குச் சர்பத்துக்குப் போடுகிற கசகசாவை ஒரு தேக்கரண்டி ஊறவைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். வெறும் ஷேக்கோடு நாட்கணக்கில் ஓடினால் மலச்சிக்கல் வரும், அதைப்பற்றி ஜிம்மில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். முட்டை கிடைத்தால் அரைக்க நினைக்காமல் அவித்துப் பக்கத்தில் வையுங்கோ, கடித்துத் தின்னும் சுகம் வேறு.

எல்லாருக்கும் இது பொருந்தாது. சிறுநீரக நோய் இருக்கிறவர்கள் புரதத்தைத் தங்கள் விருப்பத்துக்குக் கூட்டக்கூடாது. காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்திலும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர்கள், குறிப்பாக இன்சுலின் போடுகிறவர்கள், காலையில் திடீரென்று மாச்சத்தைக் குறைத்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருந்தின் அளவைப் பற்றி டொக்டரிடம் கதைத்துவிட்டுத் தொடங்கவேணும். கச்சான் ஒத்துவராதவர்களும் உண்டு. அம்மாவுக்கு ஊற்றிக் கொடுக்கமுதல் இந்த மூன்றையும் கேளுங்கோ. ஆனால் ஊற்றிக் கொடுங்கோ. 40 கிராம் கச்சானை 80 ஆக்கி இரண்டு கிளாஸ் அடிக்க ஒரு நிமிடம் கூடப் பிடிக்காது.

பிறகு பிளெண்டர். தயிரும் கச்சானும் காய்ந்தால் பிளேட்டுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும், மத்தியானம் சம்பலுக்கு அரைக்கப் போகிறவர் ஊசியால் கிளறவேணும். குடித்த கையோடு அரை ஜாடி தண்ணி விட்டு ஒருக்கால் ஓடவிட்டால் பத்து விநாடி வேலை. அதைக் குடித்தவர் செய்துவிட்டு பஸ்ஸுக்குப் போகட்டும்.